நத்தார்ப் பலகாரத் தட்டு

'நத்தார்' என்ற சொல்லே கடல் கடந்து வந்தது. கிறிஸ்து பிறப்பைக் குறிக்கும் 'நத்தால்' என்ற போர்த்துக்கேயச் சொல்லின் தமிழ் வடிவம் அது. யாழ்ப்பாணம் 1619இல் போர்த்துக்கேயரிடமும், 1658இல் ஒல்லாந்தரிடமும், 1795இல் ஆங்கிலேயரிடமும் வீழ்ந்தது. மூவரின் ஆட்சியும் முடிந்துவிட்டது. அவர்களுடைய சொற்களில் சில எமது குசினியில் தங்கிவிட்டன. குசினி, போறணை, பாண் என்பன போர்த்துக்கேயம் தந்தவை. கொக்கிஸ் என்ற பெயர் சிறு கேக்கைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. பெயர் அவர்களுடையதாயினும் அதற்குக் கரைக்கும் அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் எம்முடையவை.

கேக்கைத் தவிர, நத்தார்த் தட்டில் இருப்பவற்றுட் பல சைவ வீடுகளில் தீபாவளிக்கும் சித்திரை வருடப் பிறப்புக்கும் சுடப்படும் பலகாரங்களே. பயற்றம் உருண்டை, சீனி அரியதரம், முறுக்கு ஆகியவற்றுக்குச் சமய வேறுபாடு கிடையாது. நத்தாருக்கு எமது தட்டு அயல்வீட்டுக்குப் போகும். தீபாவளிக்கு அவர்களுடைய தட்டு எமது வீட்டுக்கு வரும். கல்லூரியில் ஒரே வாங்கில் இருந்த எம்மை இத்தட்டுகளும் உறவினராக்கின.

பலகாரச் சூடு ஒருவர் செய்யும் வேலையன்று. ஒருவர் அரிசி இடிக்க, ஒருவர் அரிதட்டில் அரிக்க, ஒருவர் பயறு வறுப்பார். வறுத்த பயற்றம்மா, வறுத்த தேங்காய்ப்பூ, மிளகு, சீரகம், ஏலம் யாவும் சர்க்கரைப் பாகில் சேர்ந்து, சூடு ஆறுமுன் உருண்டையாக வேண்டும். அதனால் உருட்டுவதற்குப் பல கைகள் தேவை. தேங்காய்ப்பூவை ஈரமின்றி வறுப்பதாலேயே இவ்வுருண்டை பல நாள் பழுதாகாமல் இருக்கும். அரியதரத்துக்குச் சீனி கூடினால் மா எண்ணெயிற் கரைந்து பிரிந்துவிடும். கொக்கிஸ் அச்சு எண்ணெயில் நன்றாகச் சூடேற வேண்டும். மேல்விளிம்பு மாவில் அமிழ்ந்தால் பலகாரம் அச்சை விட்டுக் கழராது. இவற்றை எமது தாய்மார் எழுதிவைக்கவில்லை. 'கைப்பதம்' என்ற ஒரு சொல்லில் அடக்கிவிட்டார்கள்.

தட்டு எப்போதும் நிறைந்திருந்ததில்லை. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போக, அரிசி பங்கீட்டுக்கு வந்தது. 1970களின் முற்பகுதியில் சீனியும் கோதுமைமாவும் அரிதாகி, பாணுக்கு வரிசையில் நின்றோம். 1990இன் பின்னர் பொருளாதாரத் தடை. மின்சாரம் இல்லை; மண்ணெண்ணெய் துளித்துளியாக எரிந்தது. பிளம்ஸ் இல்லாத கேக்குக்குப் பப்பாசிக்காயைப் பாகில் காய்ச்சிப் போட்டோம். சீனிக்குப் பதில் பனங்கட்டி வந்தது. போறணை இல்லாத வீடுகளில் மூடியின்மேல் சிரட்டைத் தணல் போட்டுக் கேக் வெந்தது. 1995 ஒக்டோபர் 30இல் வலிகாமமே பெயர்ந்தபோது, உரலையும் அச்சையும் வீட்டில் விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தோம். அந்த நத்தாரில், பலகாரம் சுட முடியாத வீடுகளிலும் இருந்ததைப் பகிர்ந்தோம்.

இன்று எம்மில் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் வாழ்கின்றோம். அரிசிமா பைக்கற்றில் கிடைக்கிறது. பலகாரமும் கடையில் கிடைக்கிறது. கிடைக்காதது பல கைகள் கூடும் அந்தப் பொழுதுதான். பதம் தெரிந்த கைகளும் வருடாவருடம் குறைந்து வருகின்றன.

ஆகவே, சங்கத்தின் இந்த நூற்றாண்டில் சகோதரிகளிடம் ஒன்று கேட்கின்றோம். அம்மாவோ, பெரியம்மாவோ, ஆச்சியோ இன்னும் இருந்தால், இந்த மார்கழியில் அவர்களோடு ஒரு பலகாரமாவது சுடுங்கள். எத்தனை சுண்டு மா, எவ்வளவு சர்க்கரை, பாகு எப்போது பதம் என்பதை அவர்கள் வாயாற் கேட்டு எழுதுங்கள். மகளையும் பேத்தியையும் மட்டுமன்றி, மகனையும் பேரனையும் உருட்ட அழையுங்கள்.