நாள் குறித்துக் காத்திருந்த மக்கள்

'வருவார்' என்னும் நம்பிக்கை பல சமயங்களில் உண்டு. கலியுகத்தின் முடிவில் கல்கி அவதாரம் நிகழும் என்று இந்துக்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். பௌத்தர்கள் மைத்ரேய புத்தரை எதிர்நோக்குகின்றனர். இறுதி நாளுக்கு முன் ஈசா நபி இறங்கி வருவார் என்பது இஸ்லாமியரின் நம்பிக்கை. விண்ணுக்கு ஏறிச் சென்ற இயேசு கிறிஸ்து மீண்டும் வருவார், வாழ்வோருக்கும் இறந்தோருக்கும் நீதி வழங்குவார் என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. இதனை 'இரண்டாம் வருகை' என்பர். நம் தோட்டங்களில் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்திலேயே சிறிய ஜெபக்கூடங்களும் இருந்து வந்திருக்கின்றன. அங்கே கூடுவோர் நெஞ்சில் வைத்திருக்கும் இந்த நம்பிக்கையின் வரலாற்றை இன்று நாம் சிறிது பார்ப்போம்.

இந்த நம்பிக்கை நேற்று வந்ததன்று. கிறிஸ்தவ சமயத்தின் வயது எவ்வளவோ அவ்வளவு வயது இதற்கும் உண்டு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் எளிய மக்கள். கைத்தொழில் செய்வோரும் அடிமைகளும் அவர்களிடையே இருந்தனர். 'மாரநாதா' என்னும் அரமேயச் சொல் அவர்கள் நாவில் வழங்கியது. 'எங்கள் ஆண்டவரே, வாரும்' என்பது அதன் பொருள். ஆண்டவர் தங்கள் காலத்திலேயே வந்துவிடுவார் என்று அவர்களுள் பலர் எண்ணினர்.

அந்த எண்ணம் அப்போதே ஒரு சிக்கலையும் உண்டாக்கியது. தெசலோனிக்கே என்னும் கிரேக்க நகரத்துச் சபையில் சிலர் வேலை வெட்டியை விட்டுவிட்டுச் சும்மா திரிந்தனர். அவர்களுக்கு எழுதப்பட்ட திருமுகம் இன்றும் விவிலியத்தில் இருக்கிறது. உழைக்க மனமில்லாதவன் உண்ணவும் கூடாது என்று அது கண்டித்துச் சொல்கிறது. வருகையை நம்பலாம், ஆனால் அதைக் காரணம் காட்டி உழைப்பை விடக்கூடாது என்பதே அந்தத் திருமுகத்தின் கருத்து. அந்த நாளையும் நாழிகையையும் எவரும் அறியார் என்று இயேசுவே சொன்னதாக மத்தேயு நற்செய்தியும் கூறுகிறது.

இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருந்தும் நாள் குறிக்கும் ஆசை மனிதரை விடவில்லை. ஜெர்மனியில் லோச்சாவ் என்னும் ஊரில் மிக்கேல் ஸ்டீஃபெல் என்ற போதகர் இருந்தார். மார்ட்டின் லூத்தரின் நண்பராகிய அவர் கணிதத்திலும் வல்லவர். விவிலியச் சொற்களின் எழுத்துகளுக்கு எண் மதிப்புக் கொடுத்துக் கூட்டிப் பார்த்தார். 1533-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் நாள் காலை 8 மணிக்கு உலகம் முடியும் என்று அறிவித்தார். குடியானவர்கள் சிலர் அதை நம்பி வயல் வேலையை விட்டார்கள், கையிலிருந்ததையும் செலவழித்தார்கள். அந்தக் காலையும் மற்றக் காலைகளைப் போலவே வந்து போயிற்று. ஸ்டீஃபெல் காவலில் வைக்கப்பட்டார். லூத்தர் பரிந்து பேசியதால் தப்பினார். அதன் பின்னர் அவர் கணித ஆராய்ச்சியில் இறங்கி, 1544-இல் புகழ்பெற்ற கணித நூல் ஒன்றை வெளியிட்டார்.

இனி, நாம் முக்கியமாகச் சொல்ல வந்த வரலாற்றுக்கு வருவோம். இது அமெரிக்காவில் நடந்தது.

வில்லியம் மில்லர் 1782-ஆம் ஆண்டில் பிறந்தவர். நியூயார்க் மாநிலத்தில் லோ ஹாம்ப்டன் என்னும் சிற்றூரில் நிலத்தைப் பயிரிட்டு வாழ்ந்த விவசாயி. பெரிய பள்ளிப் படிப்பு இல்லாவிட்டாலும் கிடைத்த நூல்களையெல்லாம் படிப்பவர். இளமையில் அவருக்கு விவிலியத்தில் நம்பிக்கை இருக்கவில்லை. 1812-இல் தொடங்கிய போரில் பிரிட்டிஷ் படையை எதிர்த்துப் படைத்தலைவராகப் பணியாற்றினார். 1814-இல் பிளாட்ஸ்பர்க் என்னுமிடத்தில் அமெரிக்கப் படை தன்னைவிடப் பெரிய படையை எதிர்த்து வென்றது. மனித வலிமைக்கு மேல் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவர் நினைக்கத் தொடங்கினார். 1816-இல் பாப்திஸ்து சபையின் நம்பிக்கைக்குத் திரும்பினார்.

பிறகு விவிலியத்தை எடுத்து, வசனம் வசனமாக இரண்டு ஆண்டுகள் படித்தார். தானியேல் ஆகமத்தில் 2300 நாட்கள் என்று ஒரு கணக்கு வருகிறது. அது முடிந்தபின் தூய இடம் சுத்திகரிக்கப்படும் என்று அங்கே எழுதியிருக்கிறது. ஒரு நாள் என்பதை ஓர் ஆண்டு என்று மில்லர் கொண்டார். தூய இடம் என்றால் இந்தப் பூமி என்றும், சுத்திகரிப்பு என்றால் கிறிஸ்துவின் வருகை என்றும் பொருள் செய்தார். கி.மு. 457-ஆம் ஆண்டிலிருந்து எண்ணத் தொடங்கினார். 2300-இல் 457-ஐக் கழித்தால் 1843 வருகிறது. ஆகவே 1843-ஆம் ஆண்டு வாக்கில் கிறிஸ்து வருவார் என்று 1818-இல் முடிவு செய்தார்.

ஆனால் உடனே ஊரைக் கூட்டிச் சொல்லிவிடவில்லை. ஏறக்குறைய 13 ஆண்டுகள் தமக்குள்ளேயே வைத்துத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். 1831-இல்தான் முதன்முதலாக வெளியில் பேசினார். பணத்துக்காகவோ புகழுக்காகவோ மக்களை ஏமாற்றியவர் அல்லர் அவர். தாம் நம்பியதை மனப்பூர்வமாக நம்பிய எளிய மனிதர் என்பதில் வரலாற்றாசிரியர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை.

ஒரு விவசாயியின் கணக்கு நாடெங்கும் பரவியது எப்படி? அதற்குக் காரணமானவர் பாஸ்டன் நகரப் போதகர் ஜோசுவா ஹைம்ஸ். 1839-இல் மில்லரைச் சந்தித்த அவர், 1840-இல் ஒரு பத்திரிகை தொடங்கினார். அச்சு இயந்திரம் மலிவாகி வந்த காலம் அது. பத்திரிகைகள், சிறு பிரசுரங்கள், விலங்கு உருவங்களும் எண்களும் வரைந்த பெரிய துணிப் படங்கள் ஊர் ஊராகச் சென்றன. ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய பெருங்கூடாரம் ஒன்றும் செய்யப்பட்டது. 1837-இல் ஏற்பட்ட பொருளாதார வீழ்ச்சியில் பலர் வேலையும் சேமிப்பும் இழந்து தவித்திருந்தனர். 1843-இன் தொடக்கத்தில் பகலிலும் தெரிந்த பெரிய வால்வெள்ளி ஒன்று வேறு வானில் தோன்றியது. நாளை எப்படியோ என்று கலங்கும் மக்களுக்கு, 'துன்பமெல்லாம் தீரும் நாள் இதோ' என்று ஒருவர் சொன்னால் காது கொடுக்காமல் இருப்பார்களா?

1843 மார்ச் 21 முதல் 1844 மார்ச் 21 வரையுள்ள காலத்துக்குள் வருகை நிகழும் என்று மில்லர் சொல்லியிருந்தார். அந்தக் காலம் கடந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சிலர் விலகினர். மற்றவர்கள் பத்துக் கன்னியர் உவமையை நினைத்துக்கொண்டனர். மணவாளன் வரத் தாமதமாகி, நள்ளிரவில் அவன் வருவதாகக் குரல் எழும் கதை அது. 'இது தாமதக் காலம். இனிக் குரல் எழும்' என்று அவர்கள் காத்திருந்தனர்.

அந்தக் குரல் 1844 ஆகஸ்டு மாதம் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து எக்ஸிட்டர் என்னும் ஊரில் எழுந்தது. அங்கு நடந்த முகாம் கூட்டத்தில் சாமுவேல் ஸ்னோ என்பவர் புதிய கணக்கு ஒன்றை விளக்கினார். கி.மு. 1-க்கு அடுத்து வருவது கி.பி. 1, இடையில் சுழியம் என்று ஓர் ஆண்டு கிடையாது. ஆகையால் கணக்கு 1844-இல்தான் நிறைவேறும் என்றார். யூதர்களின் பாவநிவாரணத் திருநாள் அவர்களது ஏழாம் மாதம் பத்தாம் நாளில் வருவது. அவர் பின்பற்றிய யூத நாட்கணக்கின்படி அந்த ஆண்டில் அது அக்டோபர் 22. கூட்டத்தினர் அந்தச் செய்தியுடன் வீடு திரும்பினர். மில்லர் வெகுநாள் தயங்கினார். மக்களின் உள்ளம் மாறியிருப்பதைக் கண்டு, அக்டோபர் மாதத் தொடக்கத்தில் அவரும் ஏற்றுக்கொண்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் நடந்தவை நம் மனத்தைத் தொடுபவை. பழைய கடன்களைத் தேடிப்போய்த் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. பகைத்தவரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள் உண்டு. கடையை மூடியவர்களும், விளைந்த பயிரை அறுக்காமல் விட்டவர்களும் உண்டு. கூலிக்குக் கைநீட்டி வாழும் நமக்கு, விளைச்சலை நிலத்திலேயே விடுவது எத்தகைய செயல் என்று சொல்லத் தேவையில்லை. மில்லரைப் பின்பற்றியோர் 50,000 முதல் 100,000 பேர் வரை இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகின்றனர். அவர்கள் வெள்ளை அங்கி அணிந்து கூரைமேல் ஏறி நின்றார்கள் என்று ஒரு கதை நெடுங்காலமாக வழங்கியது. அதற்கு நம்பத்தக்க சான்று எதுவும் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் வீடுகளிலும் கூட்ட இடங்களிலும் அமைதியாகக் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தனர்.

1844 அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை. பகல் கழிந்தது. இரவு வந்தது. நள்ளிரவு கடந்தது. பொழுதும் விடிந்தது. பெரியவர்கள் குழந்தைகளைப் போல விடியும்வரை அழுதார்கள் என்று அங்கிருந்தோர் பின்னாளில் எழுதி வைத்தனர். வரலாற்றில் அந்நாளுக்குப் 'பெரும் ஏமாற்றம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

மறுநாள் அவர்கள் தெருவில் நடக்க வேண்டியிருந்தது. 'இன்னுமா மேலே போகவில்லை?' என்ற கேலிதான் அவர்களை வரவேற்றது. சில இடங்களில் கூட்ட இடங்கள் தாக்கப்பட்டன. பயிரையும் பொருளையும் விட்டவர்களுக்கு வரப்போகும் குளிர்காலத்துக்கு உணவில்லை. அவர்களுக்கு உதவி திரட்டும்படி ஹைம்ஸ் ஊர்தோறும் இருந்த அன்பர்களைக் கேட்டுக்கொண்டார். ஒருவர் உருளைக்கிழங்கைத் தோண்டாமல் விட்டார் என்றும், முன்னதாகத் தோண்டிய அயலார் கிழங்கு நோயால் அழுக, அவருடையது நன்றாக இருந்து நல்ல விலைக்குப் போயிற்று என்றும் ஒரு செய்தி அந்த மரபினரிடையே வழங்குகிறது. அத்தகைய நல்வாய்ப்பு எல்லாருக்கும் கிட்டவில்லை.

தம் கணக்குத் தவறியதை மில்லர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். வருகையின் நம்பிக்கையை மட்டும் விடவில்லை. 1849 டிசம்பர் 20-ஆம் நாள் தம் ஊரிலேயே காலமானார். அவருடைய கூட்டத்தார் பல பிரிவுகளாயினர். ஒரு சிறு பிரிவினர், அந்நாளில் நிகழ்ந்தது பூமியில் அன்று, விண்ணகத்தில் கிறிஸ்துவின் பணியில் ஒரு புதிய கட்டம் என்று விளக்கம் கொண்டனர். அவர்களே 1863-இல் மிச்சிகன் மாநிலத்துப் பேட்டில் கிரீக் நகரில் ஏழாம் நாள் அட்வெண்டிஸ்ட் சபையாக அமைந்தனர். அப்போது அவர்கள் ஏறத்தாழ 3,500 பேர். இன்று இரண்டு கோடிக்கு மேல். வருகைக்கு நாள் குறிப்பதில்லை என்பது அவர்களின் நிலை. காத்திருக்கும் காலத்தில் பள்ளிகளையும் மருத்துவமனைகளையும் கட்டினார்கள். பினாங்கில் 1924-இல் தொடங்கிய அட்வெண்டிஸ்ட் மருத்துவமனை அந்த மரபில் வந்ததே.

தமிழரோடு தொடர்புடைய இத்தகைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்தவராகித் திருவிதாங்கூரில் போதகராக விளங்கிய யுஸ்தூஸ் ஜோசப் என்பவர், 1881-இல் கிறிஸ்து வருவார் என்று அறிவித்தார். பலர் அவர் பின்னே சென்றனர். அந்த ஆண்டும் கடந்தது. அவரும் புதிய விளக்கம் கண்டு தனிச் சபை ஒன்றை நிறுவினார்.

நேயர்களே, இந்த வரலாற்றைக் கேட்டுச் சிரிப்பது எளிது. நாம் அப்படிச் செய்ய வேண்டாம். நீதி கிடைக்கும், கண்ணீர் துடைக்கப்படும் என்னும் நம்பிக்கை உழைக்கும் மக்களுக்குப் பெரிய பலம். இன்றைக்கும் உலகெங்கும் கிறிஸ்தவர்கள் கிறிஸ்துமசுக்கு முந்திய நான்கு வாரங்களைத் திருவருகைக் காலமாகக் கொண்டாடி, அந்த நம்பிக்கையைப் புதுப்பித்துக்கொள்கின்றனர். தவறு நம்பிக்கையில் இல்லை. அதற்குத் தேதி போட்டதில்தான் இருந்தது. தேதி போட்டவர் நல்லவராக இருந்தபோதும் அந்தத் தவறின் விலையைக் கொடுத்தவர்கள் ஏழைகளே.

ஆகவே, நாளையே எல்லாம் மாறிவிடும், இருப்பதை விற்றுக் கொடு, பிள்ளையின் படிப்பு எதற்கு, சீட்டுப் பணம் எதற்கு என்று எவரேனும் நம் வாசலில் வந்து சொன்னால், அவர் எந்தச் சமயத்தவராக இருந்தாலும், 1844-இன் அந்த விடியற்காலையை நாம் நினைவில் கொள்ள வேண்டும். கடனைத் தீர்ப்பதற்கும் பகையை மறப்பதற்கும் நமக்கு நாள் குறிக்கத் தேவையில்லை. அவற்றை இன்றே செய்யலாம். விதைத்ததை அறுப்பதையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதையும் ஒரு நாளும் நிறுத்த வேண்டியதில்லை. வருகிறவர் வரும்போது நம்மைக் கடமையில் கண்டால் அதுவே அவருக்கு நல்ல வரவேற்பாகும்.