கொழும்பைத் தாண்டிய தையல் இயந்திரங்கள்

1977இல் ஆட்சிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்த்தன அரசு இலங்கையின் கதவுகளை அந்நிய முதலீட்டுக்குத் திறந்துவிட்டபோது, அம்முதலீடு நாட்டின் எப்பகுதிக்குச் செல்லவேண்டும் என்பதைப் பெரிதாக எண்ணிப் பார்க்கவில்லை. மறு ஆண்டு நிறுவப்பட்ட பாரிய கொழும்பு பொருளாதார ஆணைக்குழுவின் அதிகாரம், பெயருக்கேற்ப, தலைநகரைச் சூழ்ந்த வட்டாரத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. மூலப்பொருளைத் தீர்வையின்றி இறக்கி, பண்டமாக்கி ஏற்றுமதி செய்ய இடமளிக்கும் சுதந்திர வர்த்தக வலயங்கள் முதலில் கட்டுநாயக்கவிலும் பின்னர் பியகமவிலும் அமைந்தன. 1991இல் காலிக்கு அருகே கொக்கலவில் வலயம் திறக்கப்பட்டபோதுதான் மேல் மாகாண எல்லை தாண்டப்பட்டது.

1980களின் இறுதியில் தென்னிலங்கையை உலுக்கிய, ஜே.வி.பி. என்னும் இடதுசாரி இயக்கத்தின் கிளர்ச்சி, வேலையற்ற கிராமப்புற இளைஞரின் கோபத்தை அரசின் வாசலுக்கே கொண்டுவந்தது. அதன் பின்னணியில், 1992இல் ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசா, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 500 பேருக்கு வேலை தரும் 200 ஆடைத் தொழிற்சாலைகளைக் கிராமங்களில் அமைக்கும் திட்டத்தை அறிவித்தார். அதே ஆண்டில் ஆணைக்குழு முதலீட்டுச் சபையாக மாறி, அதன் அதிகாரமும் தீவு முழுவதற்கும் விரிந்தது.

வரிச்சலுகையும் மலிவான கூலியும் கொழும்பிலேயே கிடைத்தபோது, துறைமுகத்திலிருந்து பல மணி நேரப் பயணத் தொலைவிலுள்ள ஊருக்கு முதலாளிகள் ஏன் சென்றார்கள் என்பதே இத்திட்டத்தின் சுவையான பகுதி. 1974 முதல் நடைமுறையிலிருந்த பல்லிழை உடன்படிக்கையின்படி, அமெரிக்கா போன்ற செல்வந்த நாடுகள், ஒவ்வொரு ஏற்றுமதி நாட்டிலிருந்தும் எவ்வளவு ஆடை வரலாம் என்று வரம்பிட்டிருந்தன. கோட்டா எனப்பட்ட இந்த உரிமை இல்லாதவருக்குத் தைத்த சட்டையை விற்கவே வழியில்லை. அதனால்தான், தம் நாட்டுக் கோட்டா தீர்ந்துபோன ஹாங்காங், கொரிய உற்பத்தியாளர்கள் இலங்கைக்கு வந்திருந்தார்கள். கோட்டாவைப் பங்கிடும் அதிகாரம் தன்னிடமே இருந்ததால், பின்தங்கிய இடங்களில் ஆலை அமைப்போருக்கு அரசு முன்னுரிமை வழங்கியது. கருவூலத்திலிருந்து பெருந்தொகை செலவழிக்காமல் தொழிலை இடம்பெயர்த்த அந்த உத்தி, கூரிய அரசியல் அறிவின் விளைவு என்றே கொள்ளவேண்டும்.

ஆயினும் கிராமத்தை அடைந்தது தையல் வேலை மட்டுமே. துணியும் பொத்தானும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வந்தன. போர் மூண்டிருந்த வடக்கும் கிழக்கின் பெரும்பகுதியும் இப்பங்கீட்டின் பயனைக் காணவில்லை. 1993 மே 1இல் பிரேமதாசா கொல்லப்பட்டார். கோட்டா முறை 2004 முடிவோடு ஒழிந்தது. 2009இல் போர் ஓய்ந்தபின் கிளிநொச்சிக்கும் மட்டக்களப்பின் புணானைக்கும் பெரிய ஆடை நிறுவனங்கள் சென்றபோது, அவற்றை அங்கே ஈர்க்க அரசின் கையில் அந்தக் கோட்டா இருக்கவில்லை; அவையும் வெளிநாட்டு நிறுவனங்கள் அல்ல, இலங்கையரின் நிறுவனங்களான எம்.ஏ.எஸ்., பிராண்டிக்ஸ் என்பனவே.