சான்ரோ டொமிங்கோவுக்குப் போக முன்

எங்கட சனம் கரீபியனுக்கு விடுமுறை போறது இப்ப புதினமில்லை. ரொறன்ரோவில் விமானம் ஏறினால் நாலு, நாலரை மணித்தியாலத்தில் புன்ரா கானா. அறை, சாப்பாடு, குடிவகை எல்லாம் ஒரே காசுக்குள். ஒரு கிழமை கடற்கரையில் கிடந்துவிட்டு டொமினிக்கன் குடியரசுக்குப் போய் வந்தோம் என்று சொல்கிறோம். அந்த நாட்டின் தலைநகரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. வாற கிறிஸ்மசுக்கு எங்கட தொழிற்சாலை மூடுகிற கிழமையில் நானும் மனிசி பிள்ளைகளோடு போக ஆயத்தப்படுத்துகிறேன். அதில் இரண்டு நாளைச் சான்ரோ டொமிங்கோவுக்கு ஒதுக்கியிருக்கிறேன். ஏ.எல். வரை படித்ததில் கொலம்பசைப் பற்றி இரண்டு பந்திதான் இருந்தது. மிச்சம் நூலகத்தில் எடுத்து வாசித்தது.

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பியர் கட்டி, இன்றுவரை தொடர்ந்து ஆட்கள் வாழுகிற மிகப் பழைய நகரம் இதுதான். 1490களின் கடைசியில் கொலம்பசின் சகோதரர் பார்த்தலோமே ஒசாமா ஆற்றின் கிழக்குக் கரையில் தொடங்கினார். 1502இல் புயல் அடித்து நாசமாக்க, ஆளுநர் ஒவாண்டோ அதை மேற்குக் கரைக்கு மாற்றி நேர் நேரான தெருக்களோடு கட்டுவித்தார். அவர் காலத்துக் கோட்டை, கண்டத்தின் முதல் பேராலயம், கொலம்பசின் மகன் டியேகோவின் மாளிகை எல்லாம் நடந்தே பார்க்கலாம். பழைய நகரப் பகுதியை 1990இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1586இல் ஆங்கிலேயரான டிரேக் நகரைப் பிடித்து, பணம் தரும்வரை வீடுகளைக் கொளுத்திக் கொண்டிருந்தாராம். கல்வீடுகள் ஆனபடியால் அதுவும் லேசில் முடியவில்லை. கடைசியில் 25,000 டுக்காட் பொற்காசு வாங்கிக்கொண்டு போனார்.

சுற்றுலாப் புத்தகங்கள் இந்த 'முதல்'களைத்தான் வரிசையாகச் சொல்லும். என்னை இழுத்தது வேறு இரண்டு முதல்.

1511 டிசம்பர் 21, ஞாயிற்றுக்கிழமை. மொன்ரெசினோஸ் என்ற டொமினிக்கன் சபைத் துறவி பிரசங்க மேடையில் ஏறினார். முன்னால் இருந்தவர்கள் டியேகோ கொலம்பசும் நகரத்துப் பெரிய மனிதர்களும். அந்தத் தீவின் பூர்வீகக் குடிகளான தைனோ மக்களைத் தங்கச் சுரங்கத்தில் சாகச் சாக வேலை வாங்கியவர்கள். எந்த உரிமையில் இப்படிச் செய்கிறீர்கள், அவர்கள் மனிதர் இல்லையா என்று முகத்துக்கு நேரே கேட்டார். கோபத்தோடு போய் மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். அடுத்த ஞாயிறும் அதையேதான் பேசினார். தைனோக்கள் பெரும்பாலும் அழிந்தே போனார்கள், அது வேறு. கடலைப் பார்த்து வாயருகே கையை வைத்துக் கத்துகிற மாதிரி அவருக்கு ஒரு பெரிய சிலை இருக்கிறது. 1982இல் மெக்சிக்கோ கொடுத்தது.

மற்றது, தைனோக்களுக்குப் பதிலாக ஆபிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களின் எழுச்சி. 1521 டிசம்பரில், டியேகோவின் சொந்தக் கரும்புத் தோட்டத்திலேயே தொடங்கியது. இந்தக் கண்டங்களில் நடந்த முதல் பெரிய அடிமைக் கிளர்ச்சி என்று சொல்வார்கள். அடக்கிவிட்டு, 1522 ஜனவரியில் அடிமைகளுக்கென்றே கடும் சட்டம் போட்டார்கள்.

பிறகு வந்தவர்களும் குறைந்தவர்கள் இல்லை. 1936இல் சர்வாதிகாரி துருஹியோ நகரத்துக்கே தன் பெயரை வைத்தார். 1961இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் பழைய பெயர் திரும்பி வந்தது. அவருடைய கட்டளைப்படி 1937 அக்டோபரில் எல்லைப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான ஹெயிட்டியரை வெட்டிக் கொன்றார்கள். ஒரு கீரைக்கொத்தைக் காட்டி அதன் ஸ்பானியப் பெயரைச் சொல்லச் சொன்னார்களாம். 'பெரெஹில்' என்பதில் வருகிற 'ர' ஹெயிட்டியரின் நாக்கில் சரியாக வராது. வராதவன் செத்தான். 83இல் கொழும்பில் வாளியைக் காட்டிச் சிங்களத்தில் 'பால்திய' சொல்லச் சொன்ன கதை எங்கட வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். நான் அதை வாசித்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

அதோடு முடியவில்லை. கரும்பு வெட்ட வந்த ஹெயிட்டியரின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் அங்கேயே பிறந்தவர்கள். 2013 செப்டம்பரில் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 1929இலிருந்து கணக்குப் பார்த்து, அவர்களுடைய குடியுரிமை செல்லாது என்றது. 2014இல் ஒரு சட்டம் கொண்டுவந்தும் ஒரு பகுதியினருக்குத்தான் விடிவு. 1948இல் எங்கட மலையகச் சனத்துக்கு நடந்தது கண் முன்னால் வருகிறது. லயத்துக்கு அங்கே 'பத்தேய்' என்று பெயர்.

புன்ரா கானாவிலிருந்து தலைநகருக்கு 200 கிலோமீற்றர் அளவில் இருக்கும், காரில் இரண்டரை மூன்று மணித்தியாலம். லா ரொமானா பக்கம் கரும்புத் தோட்டங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். முதல் நாள் மாளிகை, கோட்டை, பேராலயம். பேராலயத்துக்குத் தோளும் முழங்காலும் மூடின உடுப்பு வேணும், பிள்ளைகளுக்கு மறக்காமல் எடுத்து வையுங்கோ. இரண்டாம் நாள் காலையில் துருஹியோ காலத்தைப் பற்றிய எதிர்ப்பு நினைவு அருங்காட்சியகம், 2011இல் திறந்தது, பழைய நகருக்குள்ளேயே இருக்கிறது. பின்னேரம் வெயில் தாழ மொன்ரெசினோஸ் சிலை. மூத்தவன் இப்பவே இரண்டு நாள் நீச்சல் குளம் போச்சென்று முறுகிக்கொண்டு நிற்கிறான். மிச்சம் ஐந்து நாள் அவனுக்குத்தான்.