ஏற்காடும் இறவாணப் பலகை மரங்களும்

ஓட்டுக்கூரையின் விளிம்பில், கைமரங்களின் முனைகளை மூடி அடிக்கப்படுவது இறவாணப் பலகை. சேர்வராயன் மலையில் சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஏற்காட்டில் மழையோடு மூடுபனியும் சேர்வதால், நனைந்த பலகை எளிதில் உலர்வதில்லை. மரத்தின் ஈரப்பதம் ஏறத்தாழ 20 விழுக்காட்டுக்கு மேல் நீடித்தால் பூஞ்சை பற்றி மரம் இற்றுப்போகும்.

1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம். டி. காக்பர்ன் இம்மலையில் காப்பிப் பயிரை அறிமுகப்படுத்தினார். காப்பித் தோட்டங்களோடு பங்களாக்களும் பெருகின. பிற்காலத்தில் காப்பிக்கு நிழல்தர ஆஸ்திரேலிய மரமான சில்வர் ஓக் நடப்பட்டது. இன்று ஒண்டிக்கடையைச் சுற்றிலும் கண்ணில்படும் இம்மரம் பெட்டிக்கும் ஒட்டுப்பலகைக்கும் ஏற்றது, மழையில் நிலைக்காது.

தேக்கு, வேங்கை ஆகியவற்றின் வைரப்பகுதி இற்றுப்போவதை இயல்பாகவே எதிர்க்கும். தேக்கின் வைரத்திலுள்ள எண்ணெய்ப் பொருள்கள் பூஞ்சையையும் கரையானையும் தடுக்கின்றன. வெளிறிய புறப்பகுதிக்கு இந்த வலிமை இல்லை. எனவே தேக்கு என்ற பெயர் மட்டும் போதாது. வைரம் பாய்ந்த பலகைதானா என்று பார்க்க வேண்டும்.

கப்பல் கட்டத் தேக்கு பெருமளவில் வெட்டப்பட்டதால், 1840களில் மலபார் ஆட்சியர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் அமைத்தார். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசம் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மரக்காப்பு மருந்தைக் கண்டுபிடித்தார். இதனால் மலிவான மரங்களும் வெளிப்புறத்தில் நீடித்தன. ஆயினும் ஆர்சனிக் நஞ்சு என்பதால், வீடுகளில் இதன் பயன்பாட்டைப் பல நாடுகள் பின்னர் கட்டுப்படுத்தின.

எம்மரமாயினும் அறுத்த முனைகளே நீரை மிகுதியாக உறிஞ்சும். பொருத்தும் முன் அவற்றுக்கு வண்ணம் பூசுவது பலகையின் ஆயுளைக் கூட்டும்.