பிழையால் பெயர் பெற்ற காசு

நாணயம் அடிக்கும் அக்கசாலையில் ஒவ்வொரு காசும் ஒன்றுபோல் அமைதல் வேண்டும் என்பதே நியதி. அந்நியதி தவறிப் பிறந்த காசுகளைத் தேடித் தொகுப்போர் பல நாடுகளில் உளர். அவர்கள் நன்கறிந்த காசுகளுள் ஒன்று, 1955-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பிலடெல்பியா அக்கசாலையில் வெளிவந்த ஒரு சென்டுக் காசாகும். லிங்கன் உருவம் பொறித்த அதன் முகப்பில், ஆண்டும் எழுத்துகளும் இரட்டையாய்த் தோன்றும்.

இதற்குக் காரணம் யாது? காசை அடிக்கும் அச்சு, புடைப்புருவம் கொண்ட தாய் அச்சினால் அழுத்திச் செய்யப்படுவது. அந்நாளில் ஒரே அழுத்தத்தில் உருவம் முழுதும் பதியாது. அழுத்தத்தால் இறுகிய எஃகைக் காய்ச்சி இளக்கி, முன்போலவே பொருத்தி மீண்டும் அழுத்துவர். ஓர் அச்சு மட்டும் இரண்டாம் முறை சற்றே திரும்பி நின்றது. எழுத்துகள் இடம் விலகி இருமுறை பதிந்தன. அவ்வச்சினால் அடித்த காசுகள் யாவும் அப்பிழையைத் தாங்கின.

பிழை புலப்பட்டபோது, அவற்றுள் 20,000 முதல் 24,000 வரையிலான காசுகள் குறையற்ற பல இலட்சம் காசுகளோடு கலந்துவிட்டன. எல்லாவற்றையும் உருக்குவதா, அப்படியே வெளியிடுவதா என்ற வினா எழுந்தது. சிறு பிழைக்காகப் பெருங்குவியலை அழித்தல் வீண் எனக் கருதிய அதிகாரிகள், அவற்றை வெளியிட்டனர்.

அக்காசுகள் பல சிகரெட் பெட்டிகளில் அகப்பட்டன என்பது வியப்பான செய்தி. அன்று விற்பனைப் பொறியில் 25 சென்டு இட்டால் 23 சென்டு விலையுள்ள பெட்டி வரும். மீதி இரண்டு சென்டு பெட்டியின் கண்ணாடித்தாள் உறைக்குள்ளேயே இருக்கும். அவ்வாறு வந்த சில்லறையே இன்று நன்னிலையில் இருப்பின் ஆயிரம் டாலருக்கு மேல் விலை போகிறது.

ஆயினும், இரட்டையாய்த் தெரிவதெல்லாம் அரிய காசன்று. அதே 1955-ஆம் ஆண்டின் வேறு சில காசுகளில் இறுதி எண் 5 மட்டும் இரட்டித்தாற்போல் தோன்றும். அது தேய்ந்த அச்சின் விளைவு. ஆகவே மதிப்பு மிகச் சிறிது. ‘ஏழையின் இரட்டை அச்சு’ என அதனை அழைப்பர். அரிய காசைப் போன்ற போலிகளும் உண்டு.

தோற்றம் ஒத்திருப்பினும் காரணம் வேறு. காரணம் வேறாகவே மதிப்பும் வேறு. பிழை எவ்வாறு நேர்ந்தது என்று ஆராயாது பொருள் கொடுப்பவர் ஏமாறுவர். கல்வெட்டையும் ஏட்டையும் ஆராய்வோர்க்கும் இது பொருந்தும் அன்றோ?