செவ்வாயில் ஆலமரம் முளைத்த கதை

திருகோணமலையில் கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் இராவணன் வெட்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவதில்லை. தாயின் வழிபாட்டுக்காக மலையைப் பெயர்க்க வந்த இராவணன் வாளால் போட்ட வெட்டு அது என்பார்கள். பாறை தானாகப் பிளக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது செங்குத்தாக, நேராகப் பிளந்துவிட்டால் அதற்குப் பின்னால் ஒரு கையைத் தேடாமல் நம்மால் இருக்க முடிவதில்லை.

1956இல் அந்த மலையடிக் கடலில் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் நண்பர் மைக் வில்சனும் சுழியோடினார்கள். பாறைகளுக்கிடையே கிடந்தவற்றில் சில வெறும் பாறைகளல்ல, செதுக்கிய தூண்கள். 1620களில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோயிலின் மிச்சம். கடலுக்குள் எது இயற்கை, எது உளி பட்டது என்ற ஐயம் வந்தால் கிட்டப் போய்த் தடவிப் பார்க்கலாம். கிளார்க்குக்கு இங்கே அந்த வசதி இருந்தது.

செவ்வாயில் யாருக்கும் அது கிடையாது. 1976 ஜூலை 25ஆம் தேதி வைக்கிங் 1 விண்கலம் சிடோனியா என்ற பகுதியைப் படமெடுத்தது. சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 20 பாகை உயரத்தில்தான் இருந்தது. அந்தச் சாய்ந்த வெயிலில் சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளக் குன்றொன்றின் நிழல் கண்ணாகவும் வாயாகவும் விழுந்தது. மூக்குத் துவாரம் நிழல்கூட இல்லை. படம் பூமிக்கு வரும் வழியில் தொலைந்த தரவு விட்டுப்போன கரும்புள்ளி. நாசா சில நாட்களில் படத்தை வெளியிட்டபோதே இது ஒளியும் நிழலும் காட்டும் மயக்கம் என்று கீழே எழுதித்தான் வெளியிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் குறிப்பைப் படிக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கு அந்தக் குன்று செவ்வாய்க்காரர்கள் கட்டிய சிலையாக வாழ்ந்தது. 2001 ஏப்ரலில் மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் மிகத் துல்லியமாக எடுத்த படத்தில் முகம் போய்விட்டது, மேடு மட்டும் மிஞ்சியது.

வேடிக்கை என்னவென்றால், அதே 2001இல்தான் அதே விண்கலத்தின் படங்களைக் காட்டி, செவ்வாயில் மரங்கள் தெரிகின்றன என்றார் கிளார்க். தென்துருவத்தருகே கிளைவிட்டுப் பரவிய கருமையான உருவங்கள் அவருக்கு ஆலமரங்களாகப் பட்டன. பருவத்துக்குப் பருவம் அவை மாறின. ஆகவே தாவரமாகத்தான் இருக்க வேண்டும் என்பது அவர் வாதம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்றும் அழுத்திச் சொன்னார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். கிளார்க் அரண்டவரல்லர், ஆசைப்பட்டவர். பத்திரிகைக் கற்பனைக்காரர்களை விட்டுவிடலாம். வானியல் நன்றாகத் தெரிந்த ஒருவருக்கே இது நேர்ந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இலங்கையில் அரை நூற்றாண்டு வாழ்ந்தவருக்குக் கிளைவிட்டுப் பரவும் எதுவும் ஆலமரமாகத் தெரிவதில் வியப்புமில்லை.

மரமென்றால் நிலத்துக்கு மேலே எழ வேண்டும். இவையோ நிலத்தில் பறிந்த பள்ளங்கள். உயரத்திலிருந்து எடுத்த படத்தில் மேடும் பள்ளமும் எளிதில் இடம் மாறும். வெளிச்சம் மேலிருந்து வருவதாகவே கண் எடுத்துக்கொள்கிறது, படத்தைத் தலைகீழாகத் திருப்பினால் குழி குன்றாகிவிடும்.

பள்ளம் பறிந்த விதத்தை 2006இல் ஆய்வாளர் ஹியூ கீஃபரும் குழுவினரும் விளக்கினார்கள். குளிர்காலத்தில் தென்துருவப் பகுதியில் கரியமில வாயு உறைந்து பனிப்பாளமாகிறது. வசந்தத்தில் வெயில் அந்தப் பாளத்தை ஊடுருவி அடியிலுள்ள கருமண்ணைச் சூடாக்க, பனி அடிப்பக்கத்திலிருந்து வாயுவாகிறது. வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறி, மூடி தட்டிய சோற்றுப்பானைபோல் ஓரிடத்தில் பீறிடுகிறது. அந்தத் துளையை நோக்கி நாலாபக்கமிருந்தும் ஓடிவரும் வாயு மண்ணை அரித்துக் கிளைக்கால்களாக ஆக்குகிறது. மேலே எறிந்த தூசி பனியில் கரும்புள்ளியாகப் படிகிறது. கிளார்க் கண்ட பருவ மாற்றம் பொய்யல்ல. மாறியது இலையல்ல, தூசி.

சில 'மரங்கள்' ஒரு கிலோமீட்டருக்கும் மேல் அகலம். ஆய்வாளர்கள் அவற்றைச் சிலந்திகள் என்கிறார்கள். மரத்தை விரட்டிவிட்டுப் பூச்சியை வைத்துக்கொண்டார்கள்!

கிளார்க் 2008இல் கொழும்பில் காலமானார். அதற்குப் பிறகு, கீஃபரின் விளக்கத்தைச் சோதித்துப் பார்க்க, கலிபோர்னியாவிலுள்ள நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் லாரன் மெக்கியோன் குழுவினர் செவ்வாய் மண்ணை ஒத்த பொடியைக் குளிர்கலத்தில் வைத்து, மேலே கரியமில வாயுவை உறையவிட்டு, அடியில் சூடேற்றிப் பார்த்த சோதனையின் முடிவுகள் 2024இல் வெளிவந்தன. பலமுறை முயன்ற பிறகு ஒரு வெள்ளிக்கிழமை இரவு பனி பிளந்து தூசி பீறிட்டது. மகிழ்ச்சியில் மெக்கியோன் போட்ட கூச்சலைக் கேட்ட ஆய்வக மேலாளர், ஏதோ விபத்து என்று நினைத்து ஓடிவந்தார்.