பச்சைச் சுடர்

திண்டிவனம் தாண்டியதுமே காரில் குளிர் நின்றுவிட்டது. செஞ்சியில் பட்டறைக்காரர் ஒருவர் குழாய் இணைப்பில் படிந்திருந்த எண்ணெய்ப் பிசுக்கைச் சுட்டிக்காட்டி, அதன்மேல் சோப்பு நுரையைத் தடவினார். குமிழிகள் எழுந்தன. எஞ்சிய வாயுவை அவர் காற்றில் திறந்துவிட்டதுதான் எனக்கு உறுத்தியது. பிறகு ரப்பர் வளையத்தை மாற்றி, உட்காற்றை உறிஞ்சி, அளவியின் முள் அசையாதிருப்பதைப் பார்த்தபின்னரே புதுவாயு நிரப்பினார்.

கசிவு ஒருகாலத்தில் உயிர்ப்பிரச்சினை. 1920களில் பெர்லினில் குளிர்ப்பெட்டியின் நச்சுவாயு ஒரு குடும்பத்தையே மாய்த்த செய்திதான் ஐன்ஸ்டீனையும் சிலார்டையும் அசையும் பாகமற்ற குளிர்ப்பெட்டியை வடிவமைக்கத் தூண்டியது என்பர். 1928இல் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்ட ஃப்ரியான் அந்த அச்சத்தைப் போக்கியது. ஆனால் அதற்கு மணமில்லை. கசிந்தால் மூக்குக்குத் தெரியாது. எனவே செப்புத்தகடு பொருத்திய விளக்கைக் குழாயருகே பிடித்தனர். வாயுவிலுள்ள குளோரின் பட்டதும் சுடர் பச்சையாகும்.

அதே குளோரின் ஓசோனைச் சிதைக்கும் என்று மொலினாவும் ரோலண்டும் 1974இல் எழுதினர். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. தொண்ணூறுகளில் கார்களுக்கு வந்த ஆர்-134ஏவில் குளோரின் இல்லை; பச்சைச் சுடருக்கும் வேலையில்லை. ஆயினும் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் 1,300 மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பிடித்துவைக்கிறது. பட்டறையில் சீறிப்போனது அதுதான்.

மாலையில் கல்யாண மகாலுக்குப் போனோம். அதன் மேல்தளத்துக்குச் சுடுமண் குழாய்வழி நீரேற்றியிருக்கிறார்கள். அங்கே கசிந்திருந்தால் சுவர் நனைந்திருக்கும், அவ்வளவே.